பேனும் சொறியும்: ஒரு பிள்ளைக்கு மட்டும் மருந்து பூசிப் பிரயோசனமில்லை



இதை எழுதுவதா வேண்டாமா என்று ஸ்டாஃப் ரூமில் இரண்டு நாள் பேசினோம். "ஊருக்கே அவமானம், விடுங்க மிஸ்" என்று சொன்னவர்களும் எங்களுக்குள் இருந்தார்கள். "பெற்றார் வந்து சண்டை பிடிப்பாங்க" என்றவர்களும் இருந்தார்கள். கடைசியில் எழுதத்தான் வேண்டும் என்று முடிவானது. விஷயம் பேனும் சொறியும். முகத்தைச் சுழிக்காமல் கடைசி வரை வாசியுங்கள். உங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும் உங்கள் பிள்ளை போகிற வேனில் இருக்கலாம்.

எங்கள் தரம் 4 வகுப்பில் ஒரு பெண் பிள்ளை. பெயர் வேண்டாம், எந்த ஊர் என்பதும் வேண்டாம். நன்றாகப் படிக்கிற பிள்ளை. அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடையும் என்று நாங்கள் எண்ணிக்கொண்டிருந்த பிள்ளைகளில் ஒருவர். திடீரென்று பாடசாலைக்கு வருவது நின்றது. போன் எடுத்துக் கேட்டால் முதல் கிழமை காய்ச்சல் என்றார்கள். அடுத்த கிழமை வயிற்றோட்டம் என்றார்கள். மூன்றாம் கிழமை வந்தது. இடைவேளையில் ஓடி விளையாடும்போது பர்தா கழன்று விழ, உள்ளே தலைமயிர் ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. இடுப்பு வரை பின்னல் இருந்த பிள்ளை. மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அது சிரிக்கவில்லை, அழவுமில்லை. பர்தாவை எடுத்துப் போட்டுக்கொண்டு வகுப்புக்குள் போய் உட்கார்ந்தது.

அதன் விரல்களுக்கிடையில் சொறிந்து சொறிந்து புண். மணிக்கட்டிலும் அப்படியே. அப்போது நாங்கள் என்ன செய்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் மற்றவர்களுக்குப் புத்தி சொல்வதற்கு முன் அதைச் சொல்லவேண்டும். ஜன்னல் பக்கம் ஒரு கதிரையைப் போட்டு அந்தப் பிள்ளையைத் தனியாக உட்கார வைத்தோம். "வெளிச்சம் நல்லா இருக்கும் மகள்" என்று காரணமும் சொன்னோம். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது விளங்காதா? அடுத்த நாளிலிருந்து மறுபடியும் வரவில்லை.

உம்மாவைக் கூப்பிட்டோம். வந்தவர் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே, "எங்க வீடு ஊத்தையில்ல மிஸ், நாங்க தெனம் கழுவுற கூட்டுற ஆக்கள்" என்று அழுதார். நாங்கள் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்டிருக்கவில்லை.

அவர் செய்த வைத்தியத்தை ஒவ்வொன்றாகக் கேட்டோம். முதலில் தலைக்கு மண்ணெண்ணெய். பிறகு யாரோ சொல்லி சீத்தாப்பழ விதையை அரைத்துத் தேய்த்தது. அது கண்ணில் பட்டு ஒரு நாள் முழுவதும் கண் திறக்க முடியாமல் போனது. அதற்குப் பிறகுதான் கத்தரி. உடம்புக் கடிக்கு ஒரு பாமசியில் கேட்டு ஒரு கிறீம். பூசியதும் மூன்று நாள் கடி அடங்கியது, பிறகு இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. கடைசியாக ஒரு டொக்டர் சரியான மருந்தை எழுதிக்கொடுத்தார்: பெர்மெத்ரின் 5 சதவீதக் கிறீம். அதையும் வாங்கிப் பூசினார்கள். மூன்று முறை பூசினார்கள். மூன்று முறையும் திரும்பி வந்தது. "மருந்து சரியில்ல மிஸ், டூப்ளிகேட் போல" என்றார்.

மருந்தில் பிழையில்லை. 30 கிராம் டியூப் ஒன்று. அதை அந்தப் பிள்ளைக்கு மட்டும், அதுவும் கடிக்கிற இடங்களுக்கு மட்டும் தொட்டுத் தொட்டுப் பூசியிருக்கிறார்கள். அதே கட்டிலில் கட்டிப்பிடித்துத் தூங்குகிற தம்பிக்குப் பூசவில்லை, அவனுக்கு அப்போது கடி இல்லை. வாப்பா "எனக்கு ஒன்டுமில்ல" என்று விட்டார். உம்மும்மாவிடம் சொல்லவே இல்லை, சொன்னால் குடும்பம் முழுக்கத் தெரிந்துவிடும் என்று.

இந்த இடத்தில்தான் எங்கள் கருத்து இருக்கிறது. கண்டியிலும் சுற்றுவட்டத்திலும் இந்த இரண்டு தொல்லைகளும் ஒழியாமல் சுற்றிக்கொண்டிருப்பதற்கு மருந்து இல்லாதது முதற் காரணமல்ல. மருந்தை ஒளித்துப் பூசுவதுதான் காரணம். ஒளித்துப் பூசினால் ஒருவருக்குத்தான் பூசலாம். ஒருவருக்குப் பூசினால் போகாது.

சொறி என்று நாம் சொல்வதும், சிங்கள அயலவர்கள் ஹொறி என்று சொல்வதும் ஒரு சிறு பூச்சியால் வருவது. அரை மில்லிமீட்டர்கூட இல்லை. பெண் பூச்சி தோலின் மேற்படைக்குள் சுரங்கம் தோண்டி முட்டையிடும். 1687ஆம் ஆண்டிலேயே இத்தாலியில் பொனோமோ என்ற வைத்தியர் உருப்பெருக்கிக் கண்ணாடியில் அதைப் பார்த்து, இந்தப் பூச்சிதான் சொறிக்குக் காரணம் என்று எழுதினார். இரத்தம் கெட்டதால் வருவது என்று அக்கால வைத்தியர்கள் நம்பியிருந்தார்கள். முந்நூறு வருடங்களுக்கு மேல் போய்விட்டது. இன்னும் நம்மூரில் "ரத்தம் சூடு, கருவாடு கொடுக்காதீங்க" என்றுதான் சொல்கிறோம்.

முதல்முறை தொற்றுகிறவருக்குக் கடி உடனே தொடங்காது. நான்கு முதல் ஆறு கிழமை ஆகும். அதுவரை அவர் ஒரு சொறியும் இல்லாமல், பளிச்சென்ற தோலோடு, மற்றவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருப்பார். அந்தத் தம்பிக்கு ஒன்றுமில்லை என்று விட்டார்களே, அவனிடமிருந்துதான் ராத்தாவுக்கு மூன்று முறையும் திரும்பியிருக்க வேண்டும். ஏற்கனவே வந்து குணமானவருக்குத் திரும்பத் தொற்றினால் ஒன்றிரண்டு நாட்களிலேயே கடி தொடங்கிவிடும். அதனால் பார்க்கிறவர்களுக்கு மருந்து வேலை செய்யவே இல்லை என்று தோன்றும்.

அதனால்தான் சொறிக்கு உலகம் முழுவதும் ஒரே விதி: வீட்டில் உள்ள எல்லாருக்கும், கடி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரே நாளில் மருந்து. வாப்பாவுக்கும் உம்மும்மாவுக்கும் சேர்த்து. வளர்ந்த ஒருவருக்கு உடம்பு முழுவதும் பூச ஏறத்தாழ ஒரு 30 கிராம் டியூப் வேண்டும். ஆறு பேர் உள்ள வீட்டில் சின்னவர்களுக்குக் குறைத்தாலும் நான்கு ஐந்து டியூப் ஆகும், ஒரு கிழமை கழித்து இன்னொரு தடவைக்கும் அதே அளவு. சம்பளத்தில் வாழ்கிற எங்களுக்கே அது கனமான கணக்கு. நாட்கூலிக்குப் போகிறவருக்கு எப்படியிருக்கும்? ஆனால் ஒரு டியூப்பை மூன்று முறை வீணாக வாங்கிய காசும் காசுதானே.

வாங்க முடியாதவர்களுக்கு வழி இருக்கிறது. அரச வைத்தியசாலை ஓ.பி.டி.யில் பென்சைல் பென்சோவேட் என்ற பால் போன்ற வெள்ளை மருந்தைக் கொடுப்பார்கள். பழைய மருந்து, கொஞ்சம் எரியும், சின்னப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் கலந்து குறைத்துப் பூச வேண்டும், எத்தனை நாள் என்பதை டொக்டர் சொல்லுவார். ஆனால் சரியாகப் பூசினால் வேலை செய்யும். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் பெர்மெத்ரினோடு அதுவும் இருக்கிறது. 2022 நெருக்கடி வருடத்தில் எந்த மருந்துக்கும் தட்டுப்பாடு வந்ததை மறக்கவில்லை. அதனால் முதலில் பக்கத்து வைத்தியசாலையில் கேளுங்கள், இல்லாவிட்டால் ஒசுசலவில் விலை கேளுங்கள், பிறகு மற்ற இடங்களுக்குப் போங்கள்.

ஓ.பி.டி.க்குப் போகும்போது வீட்டில் எத்தனை பேர் என்று நீங்களே சொல்லிக் கேட்க வேண்டும். வரிசையில் நூறு பேர் நிற்கும்போது டொக்டர் முன்னால் நிற்கிற ஒருவருக்குத்தான் எழுதுவார். "வீட்டில ஏழு பேர் டொக்டர்" என்று சொல்ல வெட்கப்பட்டால் ஒரு போத்தல்தான் கையில் வரும்.

பூசுகிற முறையையும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் பாதிப் பேர் இதில்தான் பிழை விடுகிறார்கள். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, ஒரு விரற்கடை இடமும் விடாமல். விரல் இடுக்கு, நகத்துக்குக் கீழ், அக்குள், தொப்புள், இடுப்பு, பிட்டம், மறைவிடம் எல்லாம். கைக்குழந்தைகளுக்கும் மிகச் சின்னவர்களுக்கும் தலை, முகமும் சேர்த்து, கண்ணையும் வாயையும் விட்டு. இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தை, கர்ப்பிணி, பாலூட்டும் தாய் என்றால் டொக்டரைக் கேட்காமல் எதையும் பூச வேண்டாம். கண்டிக் குளிருக்கு எல்லாரும் சுடுதண்ணியில் குளிப்பவர்கள்; குளித்த கையோடு சூடான உடம்பில் பூசாதீர்கள், உடம்பு ஆறிக் காய்ந்த பிறகு பூசுங்கள்.

பெர்மெத்ரின் எட்டு மணித்தியாலத்துக்குக் குறையாமல் உடம்பில் இருக்க வேண்டும். இதில் நமக்கென்று ஒரு விஷயம் உண்டு. அஸருக்குப் பிறகு பூசிவிட்டு மஃரிபுக்கும் இஷாவுக்கும் வுழூ செய்தால் கையிலும் காலிலும் இருந்த மருந்து போய்விடும். சொறிப் பூச்சிக்கு மிகப் பிடித்த இடமே கை. அந்த உம்மாவும் அப்படித்தான் செய்திருந்தார். இஷா தொழுது முடித்துவிட்டுப் பூசுங்கள். ஸுபஹுக்கு எழும்பும்போது எட்டு மணித்தியாலம் கடந்திருக்கும். இரவில் பிள்ளைக்குக் கை கழுவ நேர்ந்தால் கைக்கு மட்டும் திரும்பப் பூசுங்கள். விரல் சூப்புகிற பிள்ளை என்றால் கைக்கு ஒரு சொக்ஸ் போட்டு விடலாம். வீட்டில் பூனை இருந்தால் அன்றிரவு பிள்ளைகளோடு படுக்க விடாதீர்கள். பெர்மெத்ரின் மனிதருக்குப் பாதுகாப்பானது, பூனைக்கு நஞ்சு.

காலையில் குளித்துவிட்டு, முந்திய மூன்று நாள் உடுத்த உடுப்பு, துவாய், படுக்கை விரிப்பு எல்லாவற்றையும் சுடுதண்ணியில் போட்டு வெயிலில் காய விடுங்கள். கழுவ முடியாத கம்பளி, ஸ்வெட்டர், பொம்மை இருந்தால் ஒரு பையில் போட்டு இறுக்கிக் கட்டி மூன்று நான்கு நாள் வைத்தால் போதும். மனித உடம்பை விட்டால் அந்தப் பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் வாழாது. மெத்தையை எரிக்கத் தேவையில்லை, வீட்டுக்கு மருந்து அடிக்கத் தேவையில்லை.

"எங்க வீடு ஊத்தையில்ல" என்று அழுத உம்மாவுக்கு நாங்கள் சொன்ன கதை ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் மெலன்பி என்ற விஞ்ஞானி, போருக்குப் போக மனச்சாட்சி இடம் கொடுக்காத இளைஞர்களைத் தொண்டர்களாக வைத்து இதை ஆராய்ந்தார். சொறி பிடித்த சிப்பாய்கள் போர்த்திய, கழுவாத கம்பளிகளுக்குள் அவர்கள் வெற்றுடம்போடு படுத்தார்கள். மிகச் சிலருக்கே தொற்றியது. ஆனால் சொறி உள்ளவரோடு ஒரே கட்டிலில் படுத்தவர்களுக்குத் தொற்றியது. ஆளின் உடம்பில் எத்தனை பூச்சி என்று எண்ணினார்கள். ஒருவருக்குச் சராசரியாகப் பத்துப் பன்னிரண்டுதான். தோலோடு தோல் ஒட்டியிருக்கும் நேரத்தில்தான் இது முக்கியமாகத் தொற்றுகிறது. பிள்ளையைக் கட்டிப்பிடித்துத் தூங்குகிற வீட்டில், பாய் பற்றாமல் மூன்று பேர் ஒன்றாகப் படுக்கிற வீட்டில் அது சுற்றும். கழுவிக் கூட்டுகிற வீட்டிலும் சுற்றும்.

சுத்தத்தைப் பற்றிய ஹதீஸை எல்லா வகுப்பறைச் சுவரிலும் எழுதி வைத்திருக்கிறோம். அதை நாமே நடைமுறைப்படுத்தத்தான் எழுதி வைத்தோம். சொறி வந்த பிள்ளைக்குக் காட்டி அதன் உம்மாவை வெட்கப்படுத்துவதற்கல்ல.

வெட்கத்தால் தள்ளிப் போட்டால் நடப்பது வேறு. சொறிந்த புண்ணில் கிருமி இறங்கும். ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்ற கிருமி இறங்கினால் சில பிள்ளைகளுக்குச் சிறுநீரகம் வீங்கி, முகம் உப்பி, சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போகும் நிலை வரும். அப்படிக் கண்டால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். பேராதனையில் சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட சிறுவர் வைத்தியசாலை நமக்கு எட்டிய தூரத்தில்தான் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2017இல் சொறியைக் கவனிக்கப்படாத வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது சும்மா அல்ல. எந்த நேரத்தில் எண்ணினாலும் உலகில் இருபது கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு இது இருக்கிறது என்பது அவர்களுடைய கணக்கு.

பாமசிகளுக்கும் ஒரு வார்த்தை. கடி என்று வருகிற எல்லாருக்கும் ஸ்டெரொய்ட் கலந்த கிறீமை எடுத்துக் கொடுப்பதை நிறுத்துங்கள். அது கடியை அமுக்கும், பூச்சியைக் கொல்லாது. சொறியின் உருவமே மாறி, பிறகு பார்க்கிற டொக்டருக்கும் இது என்ன என்று மட்டுக்கட்ட முடியாமல் போகும். வாங்குகிற நாமும் "போன முற தந்த அந்தச் சின்ன டியூப்பத் தாங்க" என்று கேட்பதை விட வேண்டும்.

சரியாக மருந்து பூசி, பூச்சி எல்லாம் செத்த பிறகும் இரண்டு முதல் நான்கு கிழமை வரை கடி இருக்கலாம். தோலுக்குள் இருக்கும் செத்த பூச்சிக்கும் கழிவுக்கும் உடம்பு காட்டுகிற ஒவ்வாமை அது. இதை அறியாமல் தினமும் பூசுகிறார்கள், தோல் எரிந்து கடி இன்னும் கூடுகிறது. ஒரு கிழமை கழித்து இரண்டாம் முறை, அவ்வளவுதான். நான்கு கிழமை கடந்தும் புதிதாகச் சுரங்கமும் பருவும் வந்தால் டொக்டரிடம் திரும்பப் போங்கள். வயதானவர்களுக்குத் தோல் தடித்துச் செதில் செதிலாக உரிந்தால், கடி இல்லாவிட்டாலும், கண்டி தேசிய வைத்தியசாலைத் தோல் கிளினிக்கில் காட்டுங்கள்; அந்த வகைச் சொறியில் பூச்சி பத்துப் பன்னிரண்டு அல்ல, ஆயிரக்கணக்கில் இருக்கும்.

இனிப் பேன். பேனுக்கு விதி கொஞ்சம் வேறு. சொறிக்கு வீட்டில் எல்லாருக்கும் பூச வேண்டும். பேனுக்கு எல்லார் தலையையும் பார்க்க வேண்டும், உயிருள்ள பேன் இருக்கிறவர்களுக்கு மட்டும் மருந்து. பேன் பாயாது, பறக்காது. தலையோடு தலை முட்டும்போது நடந்து போகும். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் அக்குறணைப் பக்கமிருந்து ஏ9 பாதையில் வேனில் வருகிறவர்கள். கட்டுகஸ்தோட்டையில் வாகனம் நகராமல் நிற்கும் நேரத்தில் ஒரு சீட்டில் நான்கு பேர், ஒருவர் தோளில் ஒருவர் தலை சாய்த்துத் தூக்கம். அது முடிந்து வீட்டுக்குப் போனால் ஒரே போனில் மூன்று தலை. பேனுக்கு இதைவிட நல்ல பாலம் எது? பர்தா போடுவதால்தான் பேன் வருகிறது என்று சிலர் சொல்வது சரியல்ல. பர்தா போடாத பிள்ளைகளுக்கும் வருகிறது, ஊரெல்லாம் வருகிறது. ஈரத் தலையோடு பர்தாவைக் கட்டி அனுப்பாதீர்கள், ஒருவருடையதை மற்றவருக்குப் போடாதீர்கள், அது போதும்.

பேனுக்கான பெர்மெத்ரின் 1 சதவீத லோஷன். உடம்புக்குப் பூசுகிற 5 சதவீதக் கிறீம் மிஞ்சியதைத் தலையில் தேய்க்காதீர்கள். தலையைக் கழுவி, துவாயால் துடைத்து, லோஷனைப் போட்டு, பத்து நிமிடத்தில் கழுவிவிட வேண்டும். இரவு முழுக்க வைத்தால் கூடுதலாகச் சாகும் என்பது வீண் எண்ணம். ஈருக்குள் இருக்கும் குஞ்சு எல்லாம் முதல் தடவையில் சாகாது. அது பொரிக்க ஏழு முதல் பத்து நாள். அதனால் ஒன்பதாம் நாள் திரும்பப் போட வேண்டும். இந்த இரண்டாம் தடவையை விடுகிறவர்கள்தான் அதிகம்.

பல நாடுகளில் பேன் இந்த மருந்துக்குப் பழகிவிட்டது. இரண்டு தடவை சரியாகப் போட்டும் பேன் உயிரோடு ஓடினால் மருந்தை மாற்றிக் கேளுங்கள், அளவைக் கூட்டாதீர்கள். மருந்தே வேண்டாம் என்பவர்களுக்கு நம் உம்மும்மாமார் செய்த வேலை இருக்கிறது: தலையை நனைத்து, கண்டிஷனரோ எண்ணெயோ தடவி, பேன்சீப்பால் அடியிலிருந்து நுனி வரை வாருங்கள். மூன்று நாளைக்கொருமுறை, இரண்டு மூன்று கிழமை. நேரம் பிடிக்கும், காசு பிடிக்காது. ஆனால் மண்ணெண்ணெய் வேண்டாம். குசினியில் அடுப்புப் பக்கம் போனால் பிள்ளையே பற்றிக்கொள்ளும். மரக்கறித் தோட்டத்துக்கு அடிக்கிற மருந்தும் நாய்க்குப் போடுகிற உண்ணி மருந்தும் கூடவே கூடாது. தலையை மொட்டையடிக்கவும் தேவையில்லை. அந்தப் பிள்ளையின் பின்னலை நினைத்தால் எங்களுக்கு இப்போதும் மனம் பொறுக்கவில்லை.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கும் சொல்கிறோம். பேனுக்காகப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். பேன் நோய் பரப்புவதில்லை. கண்டுபிடிக்கிற நாளில் அது அந்தத் தலையில் ஒரு மாதமாகவே இருந்திருக்கும், ஒரு நாள் முந்தி அனுப்பி என்ன பயன்? அமெரிக்கச் சிறுவர் வைத்திய சங்கமும் ஈர் இருக்கிறதென்று பிள்ளையை வகுப்பிலிருந்து ஒதுக்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. சொறி உள்ள பிள்ளையும் மருந்து பூசிய மறுநாள் வரலாம். ஜன்னல் பக்கத்துக் கதிரை வேண்டாம்.

விடுதியோடு இயங்கும் மத்ரஸாக்களை நடத்துகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். முப்பது நாற்பது பிள்ளைகள் ஒரே மண்டபத்தில், சாரனையும் துவாயையும் மாற்றி மாற்றிப் பாவித்துக்கொண்டு இருக்கிறார்கள். அங்கே ஒருவருக்கு வந்தால் அவரை மட்டும் வீட்டுக்கு அனுப்பி வைப்பது வழக்கம். அவர் குணமாகி வருவார், வந்த கிழமையே திரும்பப் பிடிக்கும். அனுப்பிய வீட்டிலும் விட்டுவிட்டு வந்திருப்பார். உஸ்தாத்மார் உட்பட எல்லாருக்கும் ஒரே இரவில் மருந்து என்றால்தான் முடியும். எம்.ஓ.எச். காரியாலயத்துக்கு அறிவித்தால் பி.எச்.ஐ. வந்து வழி சொல்லுவார். வழக்குப் போட வருகிறார் என்று பயந்து கதவை மூடாதீர்கள்.

பிஜித் தீவுகளில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறார்கள். 2015இல் வெளியான ஆய்வு. ஓரிடத்தில் சொறி உள்ளவர்களுக்கும் அவர்களோடு நெருங்கியிருப்பவர்களுக்கும் மட்டும் பெர்மெத்ரின் கொடுத்தார்கள். இன்னோரிடத்தில் ஊரில் எல்லாருக்கும் பெர்மெத்ரின். மூன்றாவது இடத்தில் எல்லாருக்கும் ஐவர்மெக்டின் குளிசை. ஒரு வருடத்தின் பின் பார்த்தபோது சொறி முதலிடத்தில் 49 சதவீதம் குறைந்திருந்தது, இரண்டாவதில் 62, மூன்றாவதில் 94. அந்தக் குளிசையை நீங்களாக வாங்கி விழுங்கச் சொல்லவில்லை, அது டொக்டர் தீர்மானிக்க வேண்டியது. ஊர் ஒன்றாகச் சேர்ந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதைத்தான் சொல்கிறோம்.

நாங்கள் செய்தது மிகச் சிறிது. ஒரு வியாழக்கிழமை தரம் 4 உம்மாமாரைக் கூப்பிட்டு, குடும்பநல மிஸ்ஸையும் பி.எச்.ஐ. ஐயாவையும் பேச வைத்தோம். முதலில் எங்களில் ஒரு டீச்சர் எழும்பி, தன் சொந்த வீட்டில் இரண்டு வருடத்துக்கு முன் சொறி வந்த கதையைச் சொன்னார். ஏழு பேருக்கு வந்ததாம், அவருடைய மருமகனுக்கும். சபையில் சிரிப்பு. அதற்குப் பிறகு ஒரு உம்மா கை உயர்த்தினார். பிறகு இன்னொருவர். முடியும்போது ஒன்பது வீடுகள். ஒருவர் வீட்டில் இருப்பது மற்றவருக்குத் தெரியாமல் மாதக்கணக்கில் தனித்தனியாக ஒளித்துப் பூசிக்கொண்டிருந்த ஒன்பது வீடுகள்! டொக்டரிடம் காட்டி மருந்து எடுத்தார்கள். வாங்க முடியாத மூன்று வீடுகளுக்கு நாங்கள் ஸ்டாஃப் ரூமில் சேர்த்துக் கொடுத்தோம். அடுத்த வெள்ளிக்கிழமை இஷாவுக்குப் பிறகு ஒன்பது வீட்டிலும் ஒரே இரவில் பூசினார்கள். சனிக்கிழமை கொடிக் கயிறுகளில் இடமிருந்திருக்காது. அடுத்த வெள்ளி மறுபடியும்.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொல்ல மாட்டோம். ஒரு வீட்டில் வாப்பா கடைசி வரை பூச மறுத்தார். அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஒரு மாதத்தில் திரும்பி வந்தது. இன்னொரு வீட்டில் இரண்டாம் தடவை பூசவில்லை. மற்ற ஏழு வீடுகளில் இன்றுவரை இல்லை, அல்ஹம்துலில்லாஹ். அந்தப் பிள்ளை வந்துகொண்டிருக்கிறது. மயிர் காது வரை வளர்ந்திருக்கிறது. நடு வரிசையில், பழைய கூட்டாளியின் பக்கத்தில் உட்கார்கிறது.

அடுத்த தவணையில் தரம் 1 முதல் 5 வரை இதைச் செய்ய அதிபர் சம்மதித்திருக்கிறார். பள்ளி நிர்வாகத்திடம் இரண்டு கேட்டிருக்கிறோம்: அந்த வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு ஒலிபெருக்கியில் ஓர் அறிவித்தல், மருந்துக்கு வழியில்லாத வீடுகளுக்கு ஸதகா நிதியிலிருந்து ஓர் உதவி. அறிவித்தலில் எந்த வீட்டின் பெயரும் வராது. திகதியை வகுப்பு வாட்ஸ்அப் குழுக்களில் போடுவோம். வேன் ஓட்டுகிற நானாமாரும் கூட்டத்துக்கு வந்தால் நல்லது. ஒரு சீட்டில் மூன்று பேர் என்பதைப் பற்றி உங்களோடும் பேச வேண்டியிருக்கிறது. வாப்பாமார், நீங்களும் வாருங்கள். போன முறை வந்தவர்கள் இரண்டு பேர்தான்.